மஞ்சள் கம்பிக்கு வைத்த சந்தனப் பொட்டு

2024 அக்டோபர் பதினொன்று, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, எங்கள் ஊருக்கே இணையம் அனுப்பும் இயந்திரத்துக்கு நான் ஆயுத பூசை செய்யத் தொடங்கினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. அன்று நேர்ந்த கேடு அனைத்துக்கும் அந்த ஒரு நற்பண்பே காரணம்.

தேவாரத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கிறது எங்கள் ஊர். மலை மறைப்பதால் கைபேசியில் பேச்சு விட்டுவிட்டு வரும், படம் வராது. வீடியோ காலுக்கு எல்லோரும் நம்பியிருப்பது என் சித்தப்பாவின் இணைப்பைத்தான். வீட்டு முன்னறையில் ஆளுயர இரும்பு ரேக். அதன் தட்டுகளில் பெட்டிகள். பெட்டிகளிலிருந்து தெருத்தெருவாகக் கிளம்பும் மஞ்சள் ஃபைபர் கம்பிகள். (அவற்றுக்குள் ஓடுவது மின்சாரம் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். முதுகலைத் தமிழ் படிக்கிறேன்.)

அன்று விடியற்காலை பக்கத்து வீட்டு ராவுத்தர் பெரியப்பா இறந்துபோனார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம். துபாயில் இருந்த அவர் மகன் பாரூக் அண்ணனுக்கு விமானம் கிடைக்கவில்லை. குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியதும், வீடியோ காலில் அத்தாவின் முகத்தை அவருக்குக் காட்டுவதென்று முடிவாயிற்று. நாற்காலி போட ஓடிய சித்தப்பா வாசலில் நின்று சொன்னார்:

“ஆத்தா, பூசைய நீயே முடிச்சிரு. பாரூக்கு லைன்ல வரணும். சுவிட்ச மட்டும் தொட்றாத.”

“தொட மாட்டேன் சித்தப்பா.”

தொடவில்லை. பெட்டிகளைத் துடைத்தேன். கற்பூரப் புகை ஆகாது என்று ஊதுபத்தியோடு நிறுத்திக்கொண்டேன் (அவ்வளவு அறிவு இருந்தது). பிறகு பொட்டு. பெட்டியின் நெற்றியில் ஒன்று வைத்தால் மற்றவர்களுக்குப் போதும். ஆனால் அன்று பெரியப்பாவின் முகத்தைக் கடல் தாண்டிச் சுமக்கப்போவது அந்தக் கம்பிகள் அல்லவா? ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதன் வெள்ளை மூக்கு நுனியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இட்டு, எடுத்த துளையிலேயே திரும்பச் செருகினேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளுக்குக்கூட நான் அவ்வளவு கவனம் செலுத்தியதில்லை. இறுதியில் ஒரு சாமந்தி மாலை சாத்தினேன். அது பெட்டிகளின் விளக்குகளை மறைத்ததால், அவை நிறம் மாறியதை நான் காணவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனபோது, சுவரில் இருந்த வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதை அணைத்துப் போட்டார். மறுபடியும் அணைத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏத்தா, அங்கன எதையாச்சும் தொட்டியா?”

“சுவிட்சத் தொடல.”

“பெறகு?”

“பொட்டு வச்சேன்.”

“எங்கன?”

“எல்லாக் கம்பியிலயும். நுனியில.”

“நுனியிலயா!”

ஓடினார். பின்னாலேயே ஓடினேன். ஒரு கம்பியை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இதுக்குள்ள இருக்கது கண்ணாடித்தா. தலமுடியவிடச் சன்னம். ஓடுறது வெளிச்சம். கண்ணுல மண்ணப் போட்டுட்டுப் பாருன்னா எப்பிடிப் பாக்கும்?”

நுனிகளை ஸ்பிரிட்டால் துடைத்தார். துளைகளுக்குள் அப்பியிருந்த சந்தனத்தை எடுக்க வேறு கருவி வேண்டும். அது உத்தமபாளையத்தில் நண்பரிடம் இருந்தது. அவரைப் போனில் பிடித்தார்.

“ஏலே மாப்ள, தொளைக்குள்ள தொடைக்கிறதக் கொண்டுக்கிட்டு ஓடியா.”

“என்னடா ஆச்சு?”

“சந்தனக்காப்பு நடந்துபோச்சு.”

மறுமுனையில் பெருஞ்சிரிப்பு கேட்டது. சித்தப்பா சிரிக்கவில்லை.

நான் திரும்பியபோது பெரியப்பாவுக்குக் கபன் உடுத்தி முடித்திருந்தார்கள். பெரியம்மாவின் கைபேசியில் அண்ணனின் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

“அம்மா… அத்தா மொகத்தக் காட்டுங்கம்மா… கேக்குதா?”

“ஒரு போட்டோவாச்சும் எடுத்து வைக்கலாம்ல?” என்றாள் ஒருத்தி.

“வேணாம்த்தா,” என்றார் பெரியம்மா. “மய்யித்தப் படம் புடிச்சு வச்சுக்கிறது அவுகளுக்கு ஆகாது. உசுரோட இருந்தப்பவே சொல்லிட்டாக.”

இன்னும் சற்றுநேரம் பொறுத்தார்கள். ஜும்ஆவுக்கு நேரமானது. முகத்துணியைக் கடைசியாக விலக்கினார்கள். பெண்களோடு நின்று நானும் பார்த்தேன். பிறகு சந்தூக்குப் பெட்டியில் வைத்துப் பள்ளிவாசலுக்குத் தூக்கிச் சென்றார்கள். அது தெருமுனை திரும்பிய பிறகே சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. பாரூக் அண்ணன் திரையில் தெளிவாக வந்தார். அவருக்குக் காட்ட எங்களிடம் பெரியப்பாவைக் குளிப்பாட்டிய ஈரமான தரை மட்டுமே இருந்தது.

இன்று எங்கள் வீட்டில் இணையம் சற்றுத் தயங்கினாலும், “ஆத்தா பொட்டு வச்சுட்டாளா?” என்றுதான் கேட்பார்கள். ஆயுத பூசையன்று அந்த அறைக்குப் பூட்டு. திரையில் உருவம் உறைந்துபோனால் பாரூக் அண்ணனே அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரிப்பேன், அவர் சிரித்து முடித்த பிறகு.

ஆனால் அடக்கத்துக்கு மறுநாள் காலையில் யாரும் சிரிக்கவில்லை. நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் அழைப்பில் இருந்தார். பெரியம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, நாந்தான்…”

“தெரியும்த்தா. அத விடு. நீ அத்தாவப் பாத்தீல்ல?”

“பாத்தேண்ணே.”

“எப்பிடி இருந்தாக? சொல்லு.”

வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பினாலொழிய நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன்.

“எடது புருவத்துல ஒரு நரமுடி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பெரியம்மா தடவி விட்டாக, மறுபடியும் எந்திரிச்சிருச்சு. வாயி லேசா ஒரு பக்கம் இழுத்தாப்புல… ஏலக்காத் தரகர்கிட்ட வெல சொல்றதுக்கு முன்னாடி வச்சிருப்பாகள்ல, அப்பிடி.”

“கண்ணு?”

“மூடியிருந்துச்சுண்ணே. நல்லா மூடியிருந்துச்சு.”

படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை; அவர் இமைத்துக்கொண்டிருந்தார்.

“மொதல்லருந்து சொல்லுத்தா,” என்றார்.

புருவத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.