பட்டத்து ராஜாவுக்கு மாவுக்கட்டு

எதையும் முழுமையாகச் செய்து முடிப்பவர்களால்தான் வீடுகளில் பெரிய சேதங்கள் நடக்கின்றன. அரைகுறை ஆசாமி பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுவான். சேதமும் பாதியோடு நின்றுவிடும். நான் முழுமையான ஆசாமி. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. தினமும் டைரி எழுதுகிறவன். எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிகளில்கூட ஊறுகாய் போட்ட தேதி ஒட்டியிருக்கும். இப்படிப்பட்டவனை நம்பி நவராத்திரி கொலுவை ஒப்படைத்தது என் மனைவி ரங்கநாயகியின் தவறுதான் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அந்த வருஷம் சரியாகக் கொலு சமயத்தில் பெங்களூரில் அவளுடைய அண்ணாவுக்கு முழங்கால் ஆபரேஷன். கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்:

"படி கட்டிடுங்கோ. மொதல்ல ராஜா ராணியை எடுத்து வைங்கோ. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். நாலாம் நாள் சாயங்காலம் வந்துடறேன்."

ராஜா ராணி என்பது மைசூரில் பட்டத கொம்பெ என்று சொல்லும் மரப்பாச்சி ஜோடி. கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வருவது. அந்த ஜோடிக்கு வருஷா வருஷம் புதுப் பட்டு உடுத்தி மேல் படியில் நிறுத்தினால்தான் அவளுக்குக் கொலு. மற்ற பொம்மைகள் உடைந்தால் வருத்தப்படுவாள். இந்த ஜோடிக்கு ஒரு கீறல் விழுந்தால் என்ன செய்வாள் என்று தெரியாது; யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. (அதுவரை.)

மற்றதெல்லாம் என் இஷ்டம் அல்லவா? சில மாதங்களாக நூலகத்திலிருந்து பழைய நாகரிகங்களைப் பற்றிய புத்தகங்களாகக் கொண்டுவந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு படியில் சிந்துவெளிக் குளம், ஒரு படியில் சுமேரியர்களின் அடுக்குக் கோயில், ஐந்தாம் படியில் எகிப்து என்று தீர்மானித்தேன். குளமும் கோயிலும் அட்டையிலும் தெர்மோகோலிலும் அடங்கிவிட்டன. எகிப்தியக் கல்லறைக்குத்தான் ஒரு மன்னர் தேவைப்பட்டார்.

பிள்ளையாரை மம்மியாக்க முடியாது (பாவம் ஒருபுறம், தொந்தி ஒருபுறம்). செட்டியார் உட்கார்ந்த நிலையில் இருந்தார். வீடு முழுக்கத் தேடியதில், கைகளை உடம்போடு ஒட்டி, கால்களைச் சேர்த்து, விறைப்பாக நின்றவர் ஒருவர்தான். அவர் பிறப்பிலேயே ராஜாவும்கூட.

வேலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய என் மகள் மைதிலி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இது அம்மாவோட ராஜா தானே?"

"ஆமாம். கொலுவிலேதானே இருக்கப்போறார். எந்தப் படின்னு அம்மா சொல்லலை."

"நான் இந்த விஷயத்துல இல்லை. அம்மா கேட்டா ஆபீஸ்ல இருந்தேன்னு சொல்லிடு."

எனக்கு எகிப்தியர்கள் மேல் தனி மரியாதை. இறந்தவரின் வசதிக்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சும்மா துணியைச் சுற்றி அவர்களை அவமானப்படுத்த நான் தயாராக இல்லை. முதலில் சாதாரணக் கட்டுத்துணியைச் சுற்றினேன். ராஜா நழுவி நழுவி வெளியே வந்தார். மருந்துக் கடைக்குப் போய், எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு கேட்டேன்.

"யாருக்கு சார், எங்கே அடி?" என்றார் கடைக்காரர்.

"அடி இல்லை. உடம்பு முழுக்கப் போடணும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மீதிச் சில்லறையை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கொடுத்தார்.

கிரீடம், பட்டு வேஷ்டி, முத்துமாலை எல்லாவற்றையும் கழற்றி, தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி வைத்தேன். (நான் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.) பிறகு ராஜாவைத் தலை முதல் கால் வரை கட்டினேன். கட்டு கல்லாக இறுகியது. ஐந்தாம் படியில் அட்டைப் பிரமிடுக்கு முன்னால் படுக்க வைத்தேன். தலைமாட்டில் நான்கு ஜாடிகள், கால்மாட்டில் படகு. மறுமைக்கு மளிகை சப்ளை செய்யப் பருப்புக் கடையோடு செட்டியார் தம்பதி. தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

முதல் நாள் மாலை எதிர்வீட்டு ஜெயம்மா இரண்டு சிநேகிதிகளோடு தாம்பூலத்துக்கு வந்தார். மேல் படியைப் பார்த்தார். ராணி நகையும் பூவுமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் படியைப் பார்த்தார்.

"ஏன் சார், மொதல் நாளே கொம்பெயைப் படுக்க வெச்சுட்டீங்க? ஹப்பா முகிதோய்த்தா?"

பண்டிகை முடிந்துபோயிற்றா என்கிறார். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. எகிப்து மும்முரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"இல்லைம்மா. இவர் தூங்கலை. இறந்துட்டார்."

சுண்டல் கிண்ணங்கள் அந்தரத்தில் நின்றன. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி விளக்கம் தப்பான விளக்கம் என்பது என் கொள்கை. மூளையைக் கொக்கி போட்டு மூக்கு வழியாக எடுப்பதைச் சொன்னேன். நான்கு ஜாடிகளில் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள், மறுமையில் அதை ஓர் இறகுக்கு எதிராக எடை போடுவார்கள் என்று சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது.

ஜெயம்மா மேல் படியை மறுபடி பார்த்தார்.

"அப்போ அந்தம்மா?"

"எந்தம்மா?"

"ராணியம்மா. அவங்க கதி?"

நான் படித்த புத்தகங்கள் எதிலும் அது இல்லை. சிநேகிதிகளில் ஒருத்தி சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும் என்றாள்.

அன்று இரவே பெங்களூரிலிருந்து ரங்கநாயகியின் போன் வந்தது. ஜெயம்மா போட்டோ அனுப்பியிருக்கிறார்.

"ஏன்னா, ராணி ஏன் தனியா நிக்கறா?"

"ராஜா கீழே இருக்கார்."

"கீழேன்னா?"

"ஓய்வா."

"எங்கம்மா கையால கொடுத்த ஜோடின்னா அது," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நான் வரும்போது ரெண்டு பேரும் ஜோடியா நிக்கணும்."

அவள் வருவதற்குள் ராஜாவை முழுசாக மீட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். லீவு போட்டேன். வெந்நீரில் ஊறப்போட்டேன், கட்டு அசையவில்லை. நகவெட்டி, பழைய பல் துலக்கி, அடுப்பங்கரைக் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு, மார்பிலிருந்து ஆரம்பித்தேன். பிரமிடு கட்டியவன்கூட இவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்க மாட்டான். விரல்கள் வெந்து சுருங்கின. நாலாம் நாள் மத்தியானம் முகத்துக் கட்டு ஒரே சில்லாகக் கழன்று வந்தது. கண், புருவம், மீசை எல்லாம் அந்தச் சில்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. மொழுக்கென்ற முகத்தோடு ராஜா என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றும் சொல்ல முடியாது.

ரங்கநாயகி பையோடு உள்ளே நுழைந்தபோது ராஜாவுக்கு முழங்காலுக்குக் கீழே இன்னும் கட்டு இருந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வரேன். இங்கேயும் இதேவா?" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மீதியை அவளே பிரித்தாள். மரத்தில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மைதிலியின் கண் மையை எடுத்து ராஜாவுக்குக் கண் எழுதினாள், புருவம் எழுதினாள்.

"மீசை?" என்றேன்.

"வேண்டாம். செத்துப் பிழைச்சவருக்கு மீசை ஒரு கேடா."

மைதிலி மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, சும்மா கொண்டுபோய்ப் பக்கத்துல நிறுத்தினா ஜெயம்மா ஆன்ட்டி ஒத்துப்பாளா? நாலு நாளா அவர் செத்துட்டார்னு தெரு முழுக்கத் தெரியும்."

ரங்கநாயகி யோசித்தாள். "கல்யாணம் பண்ணிடலாம். புதுசா. எல்லாரையும் கூப்பிட்டு."

மறுநாள் மாலை பிரமிடுக்கு மாவிலைத் தோரணம் கட்டி மண்டபமாக்கினோம். ஜாடிகளில் அட்சதையும் சந்தனமும் போட்டு வைத்தோம். தேவராஜா மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வந்தது. ராணிக்கு அப்பா யார் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீசையில்லாத மாப்பிள்ளையின் காலை நான் அலம்பிவிட்டு, தலை குனிந்து, கன்னிகாதானம் செய்து கொடுத்தேன். குளிக்கப் போனவளும் திரும்பி வந்திருந்தாள். இந்த முறை சுண்டலை முழுக்கச் சாப்பிட்டாள்.

அது ஒரு வருஷத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எங்கள் தெருவில் இப்போது நவராத்திரி ஐந்தாம் நாள் என்றால் எங்கள் வீட்டு ராஜா கல்யாணம்தான். போன வருஷம் இரண்டு வீட்டார் வரிசைத் தட்டோடு வந்தார்கள். செலவெல்லாம் பெண் வீட்டாருடையது; அதாவது நான். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, மாப்பிள்ளைக்கு ஏன் மீசை இல்லை என்று கேட்டால் ஜெயம்மா முந்திக்கொள்கிறார்.

"அவர் ஒரு தடவை போயிட்டு வந்தவரு. மாமனார் வெச்சுப் பார்த்துக்கிட்ட லட்சணம் அப்படி."