கடைசி ரெண்டு கிலோ

எடை மெஷின் மேல் நின்றபடி மாஸ்டர் ஒரு காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். எண்பத்திரண்டு. காலை மாற்றித் தூக்கினார். அதே எண்பத்திரண்டு. சட்டை, பனியன், கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே கட்டிலில் கிடந்தன. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, கண்ணை இடுக்கிக் கொண்டு குனிந்தார்.

"எவ்வளவு?" என்றாள் மனைவி.

"கண்ணாடி இல்லாம சரியாத் தெரியலை. எண்பது மாதிரி இருக்கு."

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "எண்பத்திரண்டு. மோதிரத்தையும் கழட்டிப் பாருங்க."

"வரமாட்டேங்குது. விரல்ல மாட்டிக்கிச்சு."

"அப்ப முதல்ல விரலைக் குறைங்க."

அவர் ஒரு ரொட்டிக் கடையின் கேக் மாஸ்டர். முப்பது வருஷமாக வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த காற்றையே சுவாசித்து வந்தவர். குண்டாக இருப்பதைக் குறையாக நினைக்க அவருக்கு அதுவரை காரணம் இருந்ததில்லை. அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்ட பிறகுதான் அந்தக் காரணம் வந்தது.

அக்கா கணக்கு டீச்சர். திட்ட ஆரம்பித்தால் மீதி வைக்காமல் திட்டுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று சொல்ல இந்தத் தம்பியும் அவன் குடும்பமும்தான். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப் போட்ட மாதிரி படுத்துக் கிடந்தாள். பரிசோதனையில் தம்பியின் ரத்தம் பொருந்தியது. மற்ற எல்லாமும் பொருந்தியது.

கிட்னி டாக்டர் ஒருநாள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, மாஸ்டரை மட்டும் உட்கார வைத்துப் பேசினார்.

"வீட்டுல யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேக்குறீங்க? அக்காவுக்கு உயிரையே கொடுப்பேன்."

வார்த்தை கம்பீரமாகத்தான் வந்தது. ஆனால் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் ஆடிய ஆட்டத்தில் பாதித் தண்ணீர் பேண்ட்டில் கொட்டியது. ஊசி என்றாலே மாஸ்டருக்கு உலகம் இருட்டிக்கொண்டு வரும். ரத்தம் எடுத்த அன்றைக்கே ரெண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்றால்?

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு கதவைத் திறந்து வீட்டாரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"மத்த எல்லாம் சரியா இருக்கு. எடைதான் இடிக்குது. எண்பத்தேழு கிலோ இருக்காரு, எண்பதுக்கு வரணும். வர முடியலைன்னா வேற வழி பார்க்கலாம். அது இவர் தப்பு இல்லை."

வெளியே வரும்போது மாஸ்டரின் அடிவயிற்றிலிருந்து 'அப்பாடா' என்று ஒன்று எழுந்து வந்தது. யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கூடப் பிறந்தவள் சாகக் கிடக்கிறாள், தனக்கு அப்பாடாவா? அந்த ஒரு சொல்லுக்காக அவரால் தன்னை மன்னிக்கவே முடியவில்லை. அன்று சாயங்காலமே டீயில் சர்க்கரையை நிறுத்தினார்.

முதல் ஐந்து கிலோ வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் காலி செய்கிற குடித்தனக்காரன் மாதிரி மரியாதையாகப் போய்விட்டது. கடைசி ரெண்டு கிலோ மட்டும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டது.

"நான் பாரு, ஒரு தடவை படுத்து எந்திரிச்சா ரெண்டு கிலோ இறங்கிடுறேன்," என்றாள் அக்கா, டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடி. உடம்பில் சேர்ந்த தண்ணீரை மெஷின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. "நீ இத்தனை நாளா என்னத்தடா கழிச்சே, பன்னு?"

பன்னு என்பது சின்ன வயதில் அவள் வைத்த பெயர். அவர் ரொட்டிக் கடையில் சேர்ந்ததே அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் என்று அவள் எல்லாரிடமும் சொல்வாள்.

"குறைஞ்சிடும்க்கா. இந்த வாரம் பாரு."

"குறைக்கிறேன்னு நீ செத்துக்கித்துத் தொலையாதே. அப்புறம் ரெண்டையும் எனக்கே வெச்சு விட்டுடுவாங்க. உன் கிட்னி ஒண்ணோட மாரடிக்கிறதே எனக்குக் கஷ்டம்."

சிரித்தாள். சிரித்த வேகத்தில் மூச்சு வாங்கியது. மூச்சு திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் மாஸ்டர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீங்கிய காலில் அவர் விரல் பட்ட இடம் அப்படியே குழியாக நின்றது.

வேலையில் ருசி பார்ப்பதால்தான் எடை நிற்கிறது என்று அவர் முடிவு கட்டினார். மாவு, கிரீம், ஜாம் என்று நாளெல்லாம் நாக்கில் வைத்தால் எங்கே குறையும்? மறுநாளிலிருந்து ருசி பார்ப்பதை நிறுத்தினார். காலையிலிருந்து பட்டினி வேறு. கண் கட்டியது. சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் உப்பு டின்.

ஓர் ஆபீசில் யாரோ ஓய்வு பெறுகிறார் என்று வாங்கிப் போன மூன்றடுக்கு கேக் அது. முதல் துண்டை வாயில் வைத்ததும் ஓய்வு பெறுகிறவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். பிரிவுத் துயரம் தாங்காமல் அழுகிறார் என்று எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். மேலதிகாரி இரண்டாவது துண்டைச் சாப்பிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "மாஸ்டர், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா என் கடை பேரு கெட்டுப்போச்சே! கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கமே போகாதீங்க. கல்லாவுல உக்காருங்க."

அடுப்படியில் நின்றே பழகிய உடம்பு கல்லாவில் உட்கார்ந்தது. காலை முதல் மாலை வரை உட்கார்ந்தது. வார முடிவில் மெஷின் எண்பத்திரண்டரை என்றது.

"உக்காந்ததால ஏறின அரை கிலோவைத் தூக்கிதான் இறக்கணும்," என்று அவர் லாரியிலிருந்து மைதா மூட்டை இறக்குகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டார். முதல் மூட்டை முதுகில் ஏறியது. ரெண்டாவது மூட்டையும் ஏறியது. மூன்றாவது ஏறும்போது முதுகில் 'களுக்' என்று ஒரு சத்தம். மூட்டை இறங்கிவிட்டது. மாஸ்டர்தான் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அவரைக் கிடத்திக் கொண்டுபோக மாவு தள்ளுகிற வண்டிதான் கிடைத்தது.

வீட்டில் படுத்துக் கொண்டு, மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். அடுத்த பரிசோதனையில் டாக்டர் வாய் விட்டே திட்டினார்.

"கிட்னி கொடுக்க வர்ற ஆள் கிட்னிக்கு ஆகாத மாத்திரையையா முழுங்குவீங்க? எண்பத்து மூணு கிலோ வேற. போதும்ங்க, ரொம்பச் சிரமப்படாதீங்க. முடியாட்டி விட்டுடுங்க."

"விட மாட்டேன் டாக்டர்."

டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ அவசரமாகக் கூப்பிட எழுந்து போய்விட்டார்.

முதுகு சரியானதும் மாஸ்டர் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு முன்னால் தண்ணீரை அடியோடு நிறுத்தினார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, மழைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு, ரொட்டி அடுப்பின் வாயருகே போய் நின்றார். தட்டு தட்டாக பன் வெந்து இறங்கியது. கூடவே அவரும் வெந்தார்.

"உள்ளே வெக்கிறதா, வெளியே எடுக்கிறதா?" என்று முதலாளி கேட்டார்.

ஆஸ்பத்திரி மெஷினில் ஏறும்போது உதடு வெடித்திருந்தது. எண் ஓடியது. எண்பத்தொன்று... எண்பது புள்ளி நாலு... அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. விழித்துப் பார்த்தபோது ஒரு கட்டிலில் கிடந்தார். கையில் ஊசி, தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில். ஊசியைப் பார்த்ததும் மறுபடி மயங்கினார்.

ரெண்டு பாட்டில் ஏற்றிய பிறகுதான் எழுந்து நிற்க முடிந்தது. எடை பார்த்தார். ரெண்டு பாட்டிலும் போன இடத்திலேயே இருந்தன. எண்பத்திரண்டு.

வார்டு நர்ஸ் அவரைக் கைத்தாங்கலாக வாசல் வரை கூட்டி வந்தாள். தலை நரைத்தவள், அதிகம் பேசாதவள். "உங்களுக்கு ஏன் சார் இந்தப் பாடு?" என்றாள். "பேசாம வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டு நிம்மதியா இருங்களேன்."

"எங்கக்காவுக்காக, சிஸ்டர்," என்றார் அவர்.

அந்த வாரமே அக்காவுக்குக் குளிர் ஜுரம் கண்டது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும் முன் அவள் தம்பியின் கையை இழுத்தாள்.

"டேய் பன்னு, சொன்னாக் கேளு. விட்டுடு. ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்ச பையன் நீ. உன்னை வெளிய இழுத்தது நான்தான். எனக்குத் தெரியாதா?"

"இப்ப நான் பயப்படலைக்கா."

"பொய் சொல்றப்ப உனக்கு மூக்கு வேர்க்கும்," என்றாள் அக்கா. கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த நடைபாதை பெஞ்சுதான் மாஸ்டருக்கு வீடு. மனைவி டப்பாவில் சோறு கொண்டு வருவாள். முந்தின டப்பா திறக்காமல் இருக்கும். எடுத்துக்கொண்டு போய்விட்டு வேறு டப்பா கொண்டு வருவாள். பசி என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துவிட்டது. எடையும் மறந்துவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார், வருகிறவர் முகத்தைப் பார்ப்பார், அவர்கள் இவரைப் பார்க்காமல் போனதும் உட்கார்ந்துகொள்வார்.

ஒருமுறை டாக்டர் அவர் அருகில் வந்து நின்றார். "இந்த ஜுரத்துல இருந்து மீண்டுட்டா உடனே மாத்துறதுதான் நல்லது. இனி டயாலிசிஸை நம்பி ஓட்ட முடியாது. சொந்தத்துல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லை டாக்டர்."

டாக்டர் தரையைப் பார்த்தார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எடையைப் பற்றி அவரும் பேசவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஜுரம் இறங்கி, வார்டுக்கு மாற்றி, கண்ணைத் திறந்து பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யாருடி இது, காஞ்ச ரஸ்க் மாதிரி?"

மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். அப்போதுதான் அவளும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடியே அவர் அத்தனை நாளும் நடமாடியிருக்கிறார். அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "போய் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்."

மாஸ்டர் நர்ஸின் அறைக்குப் போனார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினில் ஏறினார். எழுபத்தொன்பது புள்ளி ஆறு.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தார். வந்தது வேறு. இனிச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை, அடுத்தது கத்திதான் என்ற பயம். மூக்கு வேர்த்தது. பேண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"சிஸ்டர், எண்பதுக்குக் கீழே வந்துட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எப்ப வேணா அறுத்துக்கலாம். நான் பயந்து கத்தினாக் கண்டுக்க வேண்டாம். மயக்கம் போட்டு விழுந்தாலும் விட்டுடாதீங்க, அப்படியே தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சுடுங்க."

நர்ஸ் மெஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைப் பிடித்து அவரை உட்கார வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், உங்க எடை முதல் நாளே சரியாத்தான் இருந்தது. வீட்டு ஆளுங்க முன்னாடி பயமா இருக்குன்னு சொல்ல முடியாம முழிக்கிறவங்க தப்பிச்சுக்கட்டும்னுதான் டாக்டர் அப்படி ஒரு எடையைச் சொல்லி அனுப்புவாரு. என் சர்வீஸ்ல, அதைக் குறைச்சுட்டுத் திரும்பி வந்த முதல் ஆள் நீங்கதான்."