சிங்கத்தின் மீன்தொட்டியும் சுண்ணாம்படித்த கூழாங்கற்களும்

ஒரு காட்டில், பெரிய இடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் வழியில் நிற்கிற மரங்களுக்கெல்லாம் இடுப்புவரை சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு காவிப் பட்டையும் உண்டு. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே மரங்கொத்தியை எல்லைச் சாவடிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தக் காட்டின் ராஜா சிங்கத்துக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. வெள்ளிக்கிழமை பக்கத்துக் காட்டுப் புலி விருந்துக்கு வருகிறது. அது அசந்துபோகிற மாதிரி குகையில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி வைத்தால் என்ன? செவ்வாய்க்கிழமை தொட்டி வந்து இறங்கியது. அன்றைக்கே ஓடையில் பன்னிரண்டு கெண்டைகளைப் பிடித்து உள்ளே விட்டார்கள். அவர்களில் ஒருத்தி பெயர் மினுக்கி. சின்ன உடம்பு, கொஞ்சமாகத்தான் தின்பாள். அதனால்தான் இந்தக் கதை முடியும்வரை இருக்கிறாள்.

தண்ணீர் விஷயம் தெரிந்தவன் அந்தக் காட்டில் ஒருவன்தான். மடுவன் என்கிற நீர்நாய். அவன் தொட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ராஜாவின் செயலாளரான நரியிடம் போனான்.

“ஐயா, புதுத் தொட்டியில எடுத்ததுமே இத்தனை மீனை விடக்கூடாதுங்க. மீனோட கழிவே தண்ணியில விஷமாயிடும். அமோனியாங்கறது அதைத்தான். அந்த விஷத்தைத் தின்னு செரிக்கிற நுண்ணுயிருங்க வடிகட்டிப் பஞ்சுல குடியேறணும். அதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் ரெண்டு மீன் போதும்.”

“வெள்ளிக்கிழமை புலி வர்றார்.”

“அது நுண்ணுயிருங்களுக்குத் தெரியாதுங்களே.”

நரி அவனை ஏற இறங்கப் பார்த்தது. “நீ மீன் தின்கிற ஆள்தானே?”

“ஆமாங்க.”

“மீனைத் தின்கிறவன் மீனுக்குப் பரிஞ்சு பேசுறான்னா ஏதோ உள்நோக்கம் இருக்கு.”

அன்று மாலையே மடுவனைத் தண்ணீர்ப் பராமரிப்பிலிருந்து நீக்கி, செத்த மீன்களை அப்புறப்படுத்தும் பணிக்குப் போட்டார்கள். இது தண்டனையா பதவி உயர்வா என்று மடுவனுக்கு ரொம்ப நேரம் புரியவில்லை.

அவன் இடத்துக்குப் பச்சோந்தி வந்தது. தகுதியில் குறையே சொல்ல முடியாது. வாலைத் தண்ணீரில் விட்டால் போதும். விஷம் இல்லையென்றால் மஞ்சள், விஷம் ஏற ஏறப் பச்சை. அப்படியே பிறவியிலேயே வாய்த்திருந்தது. என்ன, அதற்கு இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்க்கும்.

வியாழக்கிழமை தண்ணீர் மோர்போல வெளுத்துக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

“என்னய்யா இது?” என்று உறுமியது சிங்கம்.

பச்சோந்தி வாலை உள்ளே விட்டது. ஒரு கண் தண்ணீரைப் பார்த்தது. இன்னொரு கண் ராஜாவின் பல்லைப் பார்த்தது. வால் பளிச்சென்று மஞ்சளானது.

“தண்ணி தங்கமா இருக்கு ராஜா.”

“தங்கம்னா ஏன் கலங்கிக் கிடக்கு?”

“வெறும் அழுக்கு ராஜா,” என்றது நரி. “சுத்தம் பண்ணிட்டா சரியாப் போயிடும்.”

சுத்தம் பண்ணினார்கள். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார்கள். அப்போதுதான் ஒன்றிரண்டு நுண்ணுயிர் குடிவந்திருந்த வடிகட்டிப் பஞ்சைச் சீயக்காய் போட்டு அலசி வெயிலில் காயவைத்தார்கள். புலி வருகிறதல்லவா, தொட்டிக்குள் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டையும் போட்டார்கள். மினுக்கிக்குச் செவுள் எரிந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் எட்டுப் பேர் மிதந்தார்கள். ஓடையிலிருந்து புதிதாக எட்டுப் பேரைப் பிடித்துவந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள்.

புலி வந்தது. தொட்டியைப் பார்த்தது. “பார்த்தாலே பசிக்குது,” என்று பாராட்டிவிட்டு, பதில் விருந்துக்குச் சிங்கத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டது. நரியும் பச்சோந்தியும் கூடவே கிளம்பின. விருந்து நாற்பது நாள் நீண்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த நாற்பது நாள்தான். முதல் வாரத்தில் ஒன்பது பேர் போனார்கள், அது பழைய பாவம். மிச்சம் மினுக்கியும் இன்னும் இருவரும். அதற்குப் பிறகு தொட்டியை யாரும் கழுவவில்லை, பார்வையிடவில்லை, கூட்டம் போடவில்லை. மடுவன் மட்டும் தினம் வந்து நாலு கொசுப்புழுவைப் போட்டு, அரை வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு அரை வாளி ஓடைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவான். சுண்ணாம்பு கரைந்து போயிற்று. பஞ்சில் வழவழப்பு ஏறியது, கண்ணாடியில் பாசி படிந்தது.

“அண்ணே, இப்பல்லாம் செவுள் எரியவே மாட்டேங்குதே,” என்றாள் மினுக்கி.

“யாரும் கவனிக்கல தங்கச்சி. அதான்.”

நாற்பத்தோராம் நாள் சிங்கம் திரும்பியது. மூன்று மீன்கள் கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தன. பச்சோந்தி வாலை விட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அது உண்மையாகவே மஞ்சளானது. பயந்துபோய் வாலை வெளியே இழுத்துக்கொண்டது.

நரி முன்னால் வந்து வணங்கியது. “நாம எடுத்த நடவடிக்கை பலன் குடுத்திருச்சு ராஜா.”

“அப்ப விழா எடு,” என்றது சிங்கம். “இன்னும் முப்பது மீனை விடு. அதுக்கு முன்னாடி இந்த அசிங்கத்தையெல்லாம் பளபளன்னு கழுவு.”

பாசியைச் சுரண்டினார்கள். பஞ்சுக்கு மறுபடியும் சீயக்காய். கூழாங்கற்களுக்கு இந்த முறை இரண்டு பூச்சு. விழாவில் பச்சோந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்; அந்த நிறத்துக்கும் அது உடனே மாறிக்காட்டியது.

மூன்று நாளில் முப்பத்திரண்டு பேர் மிதந்தார்கள். மடுவன் கடமை தவறாதவன். அத்தனை பேரையும் தன் வயிற்றுக்குள் அடக்கம் செய்தான்.

மினுக்கி மட்டும் மிச்சம். செவுள் தீயாக எரிந்தது. அப்போது தொட்டிக்கு வெளியே நரி சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது: “இருக்கிற ஒரு மீனையாவது காப்பாத்தணும். அதோட நலனுக்குன்னு ஒரு குழு அமைப்போம். இனிமே தினமும் கழுவணும்.”

மினுக்கி அந்த நிமிஷமே மல்லாந்து மிதந்தாள்.

“இதுவும் போச்சா? எடு, எடு,” என்றது நரி. மடுவன் அவளை வாயில் கவ்விக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தான். பாதி வழியில் அவன் நாக்குக்கு அடியில் ஏதோ துடித்தது. கரையில் ஈரப் புல்லில் அவளை இறக்கி வைத்தான்.

“தங்கச்சி, உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேண்ணே.”

“என் வாய்க்குள்ள வர உனக்குப் பயமா இல்ல?”

“இருந்துச்சுண்ணே. ஆனா நீங்க பசிச்சாத்தான் தின்பீங்க. அவங்க அக்கறையில கொல்றாங்களே, அது எப்ப அடங்கும்?”

மடுவன் தன் வயிற்றைப் பார்த்தான். மூன்று நாளில் முப்பத்திரண்டு. பெரிய ஏப்பம் ஒன்று விட்டு, மூக்கால் அவளைத் தண்ணீருக்குள் தள்ளினான்.

“திங்கக்கிழமை இந்தப் பக்கம் வருவேன் தங்கச்சி. அப்ப பசியோட வருவேன்.”

“வாங்கண்ணே. அது நியாயம்,” என்று சொல்லிவிட்டு மினுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள்.

குகையில் தொட்டி இன்றும் இருக்கிறது. தினமும் கழுவுகிறார்கள். தண்ணீர் பளிங்காக இருக்கிறது, பச்சோந்தியின் வால் எப்போது விட்டாலும் மஞ்சள்தான். மீன் ஒன்றுகூட இல்லை. பிரச்சினைகள் முற்றிலும் தீர்ந்துவிட்டதாக நரி ராஜாவுக்கு அறிக்கை கொடுத்திருக்கிறது.

நீதி: உங்கள் நலனுக்காகக் குழு அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டால் உடனே மல்லாந்து மிதந்துவிடுங்கள், தூக்கிப்போக வருகிறவன் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறானா என்பதை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.