காய்ச்சல் சீட்டு

அதிகம் பேசுகிறவர்களை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். பதினேழு வயதில் எங்கள் வகுப்பில் அதிகம் பேசியவள் நான்தான். அதனால்தான் எல்லாரும் என்னிடம் காசைக் கொடுத்தார்கள். அந்த வாய், திறக்க வேண்டிய ஒரே ஒரு இடத்தில் மட்டும் திறக்கவில்லை.

இப்போது நான் ஒரு நிதிக் கம்பனியில் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். யார் வந்தாலும் முதலில் கேட்பது, "என்ன வாங்கப் போறீங்க? பேரச் சொல்லுங்க" என்பதுதான். என் மேலதிகாரி இதைத் தொழில் திறமை என்று நினைக்கிறார். (நினைக்கட்டும். சம்பள உயர்வுக்கு உதவும்.)

நாடே வரிசையில் நின்ற காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மாதவிடாய்ப் பேட்டுக்கு மட்டும் வரிசை கிடையாது. அதன் விலையும் எங்கேயோ போய்விட்டது, ஆனால் ஒருவரும் றோட்டில் நின்று திட்டவில்லை. திட்டுவதானால் முதலில் அதன் பேரைச் சொல்ல வேண்டுமே.

தேற்றாத்தீவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பேட் வாங்குவதற்கென்று ஒரு முறை இருந்தது. ஆண்கள் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும். முதலில் நெருப்புப்பெட்டி கேட்க வேண்டும். பிறகு சவர்க்காரம், பிறகு ஒரு பக்கற் பப்படம். கடைசியில், அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, கண்ணால் அந்தத் தட்டைக் காட்ட வேண்டும். கடைக்காரர் அதைப் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, முடிச்சும் போட்டுத் தருவார். அந்த வருடம் எங்கள் வீட்டில் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நெருப்புப்பெட்டி மட்டும் அலுமாரி நிறையக் கிடந்தது.

என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் தர்சினி. அவளுடைய அப்பா வாவியில் தோணி விட்டு மீன் பிடிப்பவர். கணக்கீட்டில் அவளை அடிக்க ஆளில்லை. அவள் போட்டால் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் முதல் தரத்திலேயே சமப்படும். நான் போட்டால் ஒரு பக்கம் எப்போதும் தூக்கும். ஆனால் மாதத்தில் சில நாட்கள் அவள் பள்ளிக்கூடம் வரமாட்டாள். கேட்டால் காய்ச்சல் என்பாள்.

"மாசம் தவறாம வாற காய்ச்சல நான் இப்பதான் கேள்விப்படுறன்" என்று கணக்கீடு படிப்பிக்கும் சேர் ஒருநாள் வகுப்பிலேயே சொன்னார். பெண் பிள்ளைகள் எல்லாரும் மேசையைப் பார்த்தோம். சேருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

அன்றைக்குத்தான் தர்சினி என்னிடம் வாய் திறந்தாள். வீட்டில் அம்மாவும் அவளும் இரண்டு தங்கைமாரும். நாலு பேருக்குப் பேட் வாங்கினால் அந்தக் கிழமை முழுக்க மரக்கறி இல்லை. பழைய சீலைத் துணியோடு நெரிசலான பஸ்ஸில் ஏறவும் பயம், வகுப்பு வாங்கில் அரை நாள் இருக்கவும் பயம். உயர்தரப் பரீட்சை வேறு வந்துகொண்டிருந்தது. நாளைக் கூட்டிப் பார்த்தால், காய்ச்சல் நேரே கணக்கீட்டுப் பரீட்சையன்று வந்து நிற்கும். இந்தத் தடவை விட்டால் இன்னொரு வருடம் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைக்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் போவது அவளுடைய கனவு. அது ஒரு பக்கற் பேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வர்த்தகப் பிரிவு. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று பொருளியலில் படித்திருந்தேன். படித்ததில் அது ஒன்றுதான் மண்டையில் நின்றது. எங்கள் ஊர் அம்மாமார் எல்லாரும் சீட்டுப் போடுகிறவர்கள். கிழமைக்குக் கிழமை ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒவ்வொருவராக முழுதையும் எடுப்பார்கள். நாங்களும் ஒரு சீட்டுத் தொடங்கினோம். இதில் காசு எடுக்க முடியாது. மொத்தமாகப் பேட் வாங்கிப் பங்குபோட வேண்டும். காசு போட முடியாமல் போனாலும் பங்கு உண்டு என்று ஒரு விதி வைத்தேன். யாருக்காக அந்த விதி என்று யாரும் கேட்கவில்லை. சீட்டுக்குப் பேர் வைத்தவள் தர்சினியே: காய்ச்சல் சீட்டு. பிள்ளைகள் கன்ரீன் ரோல்ஸை மறந்து காசு போட்டார்கள். நான் நிதியமைச்சர்போல நடந்துதிரிந்தேன். (நாட்டு நிதியமைச்சர் அப்போது பட்ட பாடு எனக்குத் தெரியாததல்ல.)

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை தனியே பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே மொத்த வியாபாரக் கடை ஒன்று. தாடி வைத்த, மெதுவாகப் பேசும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் முதலாளி. காக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆண்கள் இல்லாத நேரம் பார்ப்போம் என்று கடை வாசலில் நின்றேன். மொத்தக் கடையில் அப்படியொரு நேரம் கிடையாது என்பது வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் விளங்கியது. உள்ளே போனேன். நெருப்புப்பெட்டி கேட்கலாமென்றால் அங்கே அதையும் பெட்டிக் கணக்கில்தான் விற்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு, நாடியால் ஒரு தட்டைக் காட்டி, "அதில ஒரு பெட்டி" என்றேன். தட்டை நான் பார்க்கவில்லை. நான் வெட்கப்படுவேன் என்று காக்காவும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு மரியாதை.

"ஆருக்கு, மகள்?" என்று கேட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. "வீட்டில ஒராளுக்கு."

"கனநாளாவா?"

"ரெண்டு மூணு வருசமா." (உண்மைதானே?)

காக்கா பெருமூச்சு விட்டார். பெரிய சைஸா, நடுத்தரமா என்று கேட்டார். கொடுத்த காசுக்குக் கூடப் பொருள் வரட்டுமே என்று, "பெரிசு" என்றேன்.

"அல்லாஹ் லேசாக்குவான் மகள்" என்று சொல்லி, நான் கேட்காமலே விலையில் கழித்துத் தந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதவிடாய்க்காக இவ்வளவு இரக்கப்படுகிற ஆம்பிளையை நான் அதுவரை கண்டதில்லை. பெட்டியைப் பேப்பரால் சுற்றி, உரப்பையில் போட்டு, வாயைக் கட்டியும் தந்தார். பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருவர் மூட்டையில் என்ன என்று கேட்டார். பாரமில்லாததால், பொரி என்றேன். கோயிலுக்கா என்றார். தலையாட்டினேன். அவர் செருப்புக் கால் பட்டுவிடாமல் ஊர் வரைக்கும் காலை ஒதுக்கியே வைத்திருந்தார்.

தர்சினி வீட்டில் சீட்டுக்காரிகள் எல்லாரும் காத்திருந்தார்கள். மூட்டையை அவிழ்த்தோம். பேப்பரைக் கிழித்தோம். பெட்டியின் மேல், நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வகுப்பு நிரோசா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இந்த ஐயாக்கு இஞ்ச என்னகா வேல?"

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்குக் கட்டுகிற பம்பஸ். அதிலும் பெரிய சைஸ். நிரோசா ஒன்றை உருவி விரித்தாள். அது விரிந்துகொண்டே போனது. தோணிக்குப் பாயாகக் கட்டலாம். அவள் அதைப் பாவாடைக்கு மேலே கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, கணக்கீட்டுச் சேர்போல நடந்து காட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது, ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. எல்லாரிலும் கூடச் சிரித்தவள் தர்சினிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"விடுங்கடி. எனக்குப் பழகின காய்ச்சல்தானே. சோதினைக்கும் வரட்டும்."

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நிரோசா கட்டியிருந்ததைக் கழற்றினாள். என்னுடைய வெட்கத்துக்கு அவளுடைய பரீட்சையை விலையாகக் கொடுத்துவிட்டேன். என்மேலேயே எனக்கு அப்படியொரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் மூட்டையோடு திரும்பவும் காத்தான்குடி. என் நல்ல காலம், அன்று அந்தக் கடைக்குப் பால்மா வந்திருந்தது. வாசலிலிருந்து றோட்டு வரைக்கும் ஆண்கள் வரிசை. கரண்ட் இல்லை, ஜெனரேற்றர் காதைப் பிளந்துகொண்டிருந்தது. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்ற பலகைக்கு நேர் கீழே போய் நின்று மூட்டையை மேசையில் வைத்தேன். காக்கா மூட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்தது.

"என்ன மகள்... ஆள் மௌத்தா?"

வரிசையில் முன்னுக்கு நின்றவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருவர் எனக்கு ஒதுங்கி வழி விட்டார். காக்கா இறந்தவருக்கான துஆவை ஓதத் தொடங்கிவிட்டார். இனியும் பேசாமலிருந்தால் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு நோயாளியை அடக்கம் செய்துவிட்டுத்தான் விடுவார்கள். ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலே, தொண்டை கிழியக் கத்தினேன்:

"ஒருத்தரும் மௌத்தாகல்ல காக்கா. நான் கேட்டது பேட். பொம்புளப் புள்ளையள் மாசாமாசம் வைக்கிற பேட்."

இதில் பாதியில் கரண்ட் வந்துவிட்டது. ஜெனரேற்றரை நிறுத்திவிட்டார்கள். 'மாசாமாசம் வைக்கிற பேட்' என்பது மட்டும் அமைதியான கடையில் தனியே போய் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது. இனி என்ன மானம்? மிச்சத்தையும் சொன்னேன். "அது இல்லாட்டி எங்கட வகுப்புப் புள்ள ஒண்டு சோதின எழுத வர ஏலா. அவதான் முதலாம் ஆள்."

வரிசையின் நடுவிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். எங்கள் கணக்கீட்டுச் சேர். ஆரையம்பதிக்காரர், விடியற்காலையிலிருந்து பால்மாவுக்கு நிற்கிறார். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"காய்ச்சல் எண்டது இதுதானா புள்ள?"

"ஓம் சேர்."

சேர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வரிசைக்குத் திரும்பினார். அவருடைய இடத்தில் வேறு ஆள் நின்றார். பால்மா போய்விட்டது.

காக்கா அந்தப் பலகை வியாபாரிகளுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கல்ல என்று சொல்லி, உடைத்த பக்கற்றைத் தவிர எல்லாவற்றையும் திருப்பி எடுத்தார். சரியான பெட்டியை எடுத்து வைத்தார். நோயாளிக்கென்று விலையில் கொடுத்த கழிவு கொடுத்ததுதான் என்று அதே கழிவையும் தந்தார். பேப்பரை எடுத்துச் சுற்றப் போனார்.

"சுத்த வேணாம் காக்கா" என்றேன். (நேற்றுச் சுற்றியதால் வந்த வினை போதும்.)

சேர் பெட்டியைத் தன் சைக்கிள் கரியரில் கட்டினார். பெட்டியின் நாலு பக்கமும் ரோஸ் நிறப் பூ, நடுவில் பொருளின் பேர் கொட்டை எழுத்தில். பேரீச்சை மரங்கள் நிற்கும் அந்தப் பெரிய றோட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சனத்துக்குள்ளால், சேர் அதை பஸ் நிறுத்தம் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூடப் பெட்டியை மறைக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "அவவ வரச் சொல்லுங்க. காய்ச்சல் எண்டாலும் வரச் சொல்லுங்க" என்றார்.

காய்ச்சல் சொன்னபடி கணக்கீட்டுப் பரீட்சையன்றே வந்தது. தர்சினியும் வந்தாள். ஐந்தொகை முதல் தரத்திலேயே சமப்பட்டது. அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். மொத்தமாக வாங்குவதன் நன்மைகளை ஊருக்கே சொல்லித்திரிந்த நான், பொருளியலில் மட்டுமட்டாகப் பாஸ்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் சீட்டு இன்னும் ஓடுகிறது. வாங்கப் போகிறவள் கடையில் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது இப்போது முதல் விதி. உடைத்த பக்கற் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாரியில் கூரை ஒழுகியபோது அப்பா அதை வைத்துத்தான் சமாளித்தார். கதை முழுதும் அவருக்குத் தெரியும். நான் எதையாவது மென்று விழுங்கினால், "பெரிய சைஸா, நடுத்தரமா?" என்பார். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு நான் தலையைக் குனிந்தேன். அப்பா அவர்களுக்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிட்டார். (நடுத்தரம்தான். ஆனாலும் ஓம் சொல்லிவிட்டேன்.)

காக்காவும் மறக்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம், சனம் நிற்கிறதா என்று பாராமல், "மகள், உங்கட வீட்டு நோயாளிக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்பார். போன லீவில் தர்சினியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கம்போலக் கேட்டார். நான் வாய் திறக்க முந்தி அவள் முன்னுக்கு வந்தாள்.

"நான்தான் காக்கா அந்த நோயாளி. காய்ச்சல் விட்டிட்டு."

காக்கா அவளை மேலும் கீழும் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு பில்லை எடுத்து, நோயாளிக் கழிவைக் கழித்தார்.