பெடலை மிதிக்க ஓர் ஆள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அச்சகத்தாரும், வண்டிக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் மெக்கானிக் ஐயாவும் நலமென்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எங்கள் பிக்கப் வேன் யோசித்து யோசித்துத்தான் நகர்கிறது, மேட்டில் சைக்கிள்காரர்கள் முந்துகிறார்கள் என்று கேட்டிருந்த மெத்தைக் கடைக்காரன் நான்தான். ஐயா சென்ற இதழில் நான்கு வழிகள் சொல்லியிருந்தார். அவர் நூறு வயது வாழ வேண்டும்.

முதல் வழி, பெடலுக்கு அடியில் ஏதாவது தடுக்கிறதா என்று பார்ப்பது. பதினெட்டு வருடம் ஓட்டியவனிடம் இதைச் சொல்வதா என்று ரோஷம் வந்து, அதைத் தாண்டி இரண்டாவதற்குப் போனேன். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார். அது காகிதம் என்று சொல்லவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்ததில் கூழாகிவிட்டது. மூன்றாவது டீசல் ஃபில்டர். கழற்றினேன், டீசலில் குளித்தேன், இரண்டு நாள் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை, வண்டி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நான்காவதுதான் வினை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிள் முழுதாக இழுக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்?

மனைவியைக் கூப்பிட்டேன். "எனக்கு முட்டி வலி. உங்க அண்ணன் சுவத்துக்கு அந்தப் பக்கம் சும்மாதானே உக்காந்திருக்காரு? வாயத் திறந்து கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள். ஐயா, அண்ணனும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. கடைக்கு நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். வண்டிக்குச் சுவர் வைக்க முடியாததால் ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படை அவருக்கு. முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து எனக்கே வருகிறதென்று அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல். எனக்கோ, சொல்வதற்கென்ன, அவர் குரலைக் கேட்டால் போதும் என்று இருந்தது.

தங்கள் பத்திரிகையைச் சுவருக்கு மேலே நீட்டினேன். படித்தார் போலும், சுவரைச் சுற்றி வந்து டிரைவர் இருக்கையில் ஏறினார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மிதிண்ணே" என்றேன்.

"மிதிச்சாச்சு."

"முழுசா மிதிண்ணே, பாதிதான் இழுக்குது."

"முழுசாத்தான்டா மிதிக்கிறேன். உனக்குக் கண்ணு பாதிதான் தெரியுது."

அந்த 'டா'வைக் கேட்டதும் பானெட்டை விட்டுவிட்டு அவர் பக்கக் கதவுக்கு ஓடினேன். கீழே குனிந்து பார்த்தால், பெடலுக்கு அடியில் மூன்று ரப்பர் விரிப்புகள்! அவருடையதைத் தொட்டால் வம்பு என்று நான் அதன்மேல் என்னுடையதைப் போட்டேன். என்னுடையதைத் தொடுவானேன் என்று அவர் அதன்மேல் இன்னொன்று போட்டிருக்கிறார். மெத்தைக் கடைக்காரர்கள் அல்லவா? இரண்டு பேரும் சிரித்துப் புரையேறி, அண்ணி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். அன்று இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வண்டி பறக்கிறது. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?

தங்கள் பத்திரிகை கடைதோறும் விற்றுத் தீரவும், ஐயாவின் வண்டி எந்த மேட்டிலும் திணறாதிருக்கவும் வாழ்த்தும்,
சுவருக்கு இந்தப் பக்கத்து மெத்தைக் கடைக்காரன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அண்ணன் இதைப் படித்துவிட்டார். கோளாறைக் கண்டுபிடித்தது மிதித்த அவர்தான், பார்த்த நானல்ல என்று திருத்தி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். நேற்று மாலையிலிருந்து பேச்சு இல்லை. பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கவும் ஒருவர் மிதிக்க, ஒருவர் திருகைத் திறக்க, ஆக இரண்டு பேர் வேண்டுமாமே? அதைப் பற்றி ஐயா அடுத்த இதழிலேயே விளக்கமாக எழுத வேண்டும். அவசரம். எங்கள் பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை.