ரொக்கெற் அண்ணை தரையிறங்கிய நாள்

எந்த நாடும் சம்பளம் கொடுக்காத ஒரே விண்வெளி வீரர் எங்கள் ரொக்கெற் அண்ணைதான். புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் மூன்று வருடம் அவரோடு குடியிருந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

அண்ணைக்கு வேலை, பேக்கரியில் மா பிசைவது. மிச்ச நேரமெல்லாம் ஒரு ருஷ்ய விண்வெளி வீரரின் நினைப்புத்தான். அந்த மனிதர் நாலாவது தடவையாக மேலே போய் மாதக்கணக்கில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணைக்கு அவர் "எங்கடை ஆள்". எங்கடை ஆள் விண்கலத்துக்கு வெளியே வந்து வேலை செய்யும் நாளில் அண்ணைக்குச் சோறு இறங்காது.

எடையில்லாத இடத்தில் கால் சூம்பிவிடாமல் எங்கடை ஆள் தினமும் தன்னை வாரால் கட்டிக்கொண்டு ஓடுவாராம். அண்ணையும் எங்கள் கட்டிடத்து ஜிம்மில், காரின் கூரையில் சாமான் கட்டும் இலாஸ்டிக் கயிற்றால் தன்னை ட்ரெட்மில்லோடு கட்டிக்கொண்டு ஓடினார். ஒருநாள் தீ அலாரம் அடித்தது. கட்டிடமே வெளியே நிற்க, அண்ணை மட்டும் முடிச்சு அவிழாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். தீயணைப்புக்காரர்கள் கயிற்றை வெட்டித்தான் இறக்கினார்கள்.

சண்டையும் பிடிக்கமாட்டார். அவர் இடித்த சம்பலை நான் வழித்துத் தின்ற அன்றும் ஒரு சொல் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"மேலை கோவிச்சுக்கொண்டு எங்கை இறங்கிப் போறது தம்பி?"

ஒரு மாலை கார் பார்க்குக்கு இழுத்துப்போனார். விண்வெளி நிலையம் ஒரு வெளிச்சப் பொட்டாகத் தலைக்கு மேலால் போனது. அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்க எனக்கே மெய் சிலிர்த்தது. அண்ணை குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"அந்தாளும் மனிசியை விட்டிட்டுத்தான் போயிருக்கு. இறங்கேக்கை காலிலை நிக்க வேணுமெண்டு ஓடுது. நானும் அதுக்குத்தான்."

கல்யாணம் முடித்துப் பத்தே நாளில் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டு வந்தவர். அவரைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் பைல் நாலு வருடமாக அசையவில்லை.

எங்கடை ஆள் பத்திரமாக இறங்கினார். ஆனால் நாலு பேர் தூக்கித்தான் கதிரையில் இருத்தினார்கள். அதை வீடியோவில் பார்த்த அண்ணை அன்று அரை மணித்தியாலம் கூடுதலாக ஓடினார்.

போன வைகாசியில் விசா வந்தது. விமான நிலையத்தில் கதவு திறந்து அண்ணையின் மனைவி வெளியே வந்தார்; எனக்கு அவர் அக்கா. அண்ணை இரண்டு எட்டு வைத்தார், கால் மடங்கியது. தாங்கிப் பிடித்துச் சூட்கேஸ் வண்டியில் இருத்தினேன்.

அக்கா கலங்கிப்போனார். "இவருக்குக் கால் ஏலாதோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"இல்லை அக்கா. அண்ணை இப்பதான் இறங்கியிருக்கிறார்."

வண்டியை நான்தான் தள்ளினேன். அப்படியொரு பெருமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.