கண்ணுள்ள உண்ணி

இந்த வாரமே மனைவியை வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தார். எடுத்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அம்மணி மண்ணில் வாழும் உண்ணிகளை ஆராய்கிறவள். கடுகைவிடச் சின்ன ஜீவன்கள். புதிதாக ஒன்று அகப்பட்டால் காலையும் முதுகு மயிரையும் அளந்து, என்ன குடும்பம் என்று கண்டுபிடித்து, பெயர் வைக்க வேண்டும். அதற்காக வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குப் போனவள் மாதக்கணக்காகத் திரும்பவில்லை. சிற்றுண்ணிக்கெல்லாம் குடும்பம் தேடித் தந்தாள். சொந்தக் குடும்பம் இங்கே சிற்றுண்டிக்குச் சிங்கியடித்தது.

பசிகூடப் பெரிதில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்தால், போகும் அன்று அவள் உலர்த்திய துண்டு இன்னும் கொடியில் கிடக்கும். எடுத்து மடிக்க மனம் வராது. மடித்துவிட்டால் போனவள் போனவளாகவே ஆகிவிடுவாளோ என்று ஒரு பயம்.

போன் போட்டார்.

“ஏம்மா, நம்ம பூந்தொட்டி மண்ணுல ஒரு உண்ணி! லென்ஸ் வெச்சுப் பாத்தேன். உலகத்துல யாருமே பாத்திருக்க மாட்டாங்க!”

“எத்தனை கால்?”

“எட்டு.” அந்த அளவுக்கு அவருக்கும் தெரியும்.

“முதுகு?”

“உருண்டையா, பளபளன்னு, வண்டு மாதிரி.”

“வேற?”

தொழில் புத்தி முந்திக்கொண்டது. “கண்ணுதான் விசேஷம். உன் கண்ணு மாதிரியே பெருசு. என்னையே பாக்குது.”



“தொட்டியை யாரும் தொடாதீங்க. வர்றேன்.”

வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றார் கடைக்காரர். அவள் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உண்ணியைப் பாக்கலையா?”

“நீங்க சொன்ன மாதிரி உண்ணிக்கெல்லாம் கண்ணே கிடையாதுங்க. இருட்டுல தடவித் தடவிப் போற ஜென்மம். போன்லயே தெரிஞ்சுபோச்சு.”

அவர் முகம் சுண்டிவிட்டது. “அப்புறம் எதுக்கு வந்தே?”

“ஏக்கம் உங்களுக்கு மட்டும்தானா? எனக்கும் ஒரு சாக்கு வேணாமா? வீட்டுத் தோட்ட மண்ணையும் பாக்கணும்னு மேலதிகாரிகிட்ட கேட்டேன். மாசக் கடைசி வரைக்கும் அங்கயே இருந்து பாருன்னுட்டாரு.”

மாசக் கடைசி வரை! கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாக அவள் கையைப் பிடித்தார். கையில் ஒரு சல்லடை இருந்தது.

“வர்ற வழியிலேயே தெருவுல எல்லார்கிட்டயும் பூந்தொட்டி கேட்டுட்டேன். தொட்டியெல்லாம் நம்ம வாசலுக்கு வந்துக்கிட்டிருக்கு,” என்றபடி அதை அவர் கைக்கு மாற்றினாள். “சலிச்சுக்காம சலிங்க.”